கப்பல்காரனுக்குப் பச்சைக் கோடு

அந்த மசாலா கம்பெனியை விட்டு நான் வெளியே வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. கம்பெனியே இப்போது இல்லை. அந்த இடத்தில் கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. ஆனாலும் அதன் பெயரில் நான் போட்டுவைத்த அலர்ட்டை இன்றுவரை நிறுத்தவில்லை. இன்டர்நெட்டில் எங்காவது அந்தப் பெயர் தட்டுப்பட்டால் எனக்கு ஒரு மெயில் வரும். வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான். வந்ததும் உடனே திறக்க மாட்டேன். முதலில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வருவேன். பயம்தான், வேறென்ன.

இரண்டாயிரத்து ஏழு வாக்கில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். திருவொற்றியூரில், எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் கடலுக்கு இரண்டு தெரு முன்னால் இருந்தது கம்பெனி. புதிதாக உள்ளே வருகிறவர்கள் மிளகாய் நெடியில் தும்மித் தீர்ப்பார்கள். எங்களுக்கெல்லாம் மூக்கு மரத்துப் போயிருந்தது. சாம்பார் பொடி, ரசப்பொடி என்று பல போட்டாலும் பேர் வாங்கிக் கொடுத்தது மீன் குழம்பு மசாலாதான். வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் பெட்டியில் துணிக்கு நடுவே அதைச் சொருகிக்கொண்டு போவார்கள்.

முதலாளியின் மச்சான் ஒருவர் துபாயில் இருந்தார். அவர் ஒருநாள் போன் செய்து, "இன்டர்நெட்ல உங்க மசாலாவைக் கிழிகிழின்னு கிழிக்கிறாங்க, அது தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டார். அதோடு முதலாளிக்குத் தூக்கம் போயிற்று. ஆபீஸில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவள் நான் ஒருத்திதான். கூப்பிட்டார்.

"யார் யார் என்னென்ன எழுதுறாங்கன்னு தினம் காலையில என் டேபிளுக்கு வரணும். ஆனா ஒரு பைசா செலவு கிடையாது. ஓசியில என்ன கிடைக்குதோ அதை வச்சுப் பாரு."

ஓசியில் நிறையவே கிடைத்தது. எங்கள் பெயரை ஆளாளுக்கு ஒரு விதமாக இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவார்கள் என்பதால் ஐந்து விதமாக அலர்ட் போட்டு வைத்தேன். வலைப்பூக்களை மட்டும் துழாவுகிற தேடல் ஒன்று இருந்தது. சமையல் வலைப்பூக்கள் பத்துப் பன்னிரண்டை ஒரே பக்கத்தில் சேர்த்துக் காட்டும் ரீடர் ஒன்றும் இருந்தது. இவை காலையில் அள்ளிக்கொண்டு வந்து போடுவதை அப்படியே பிரின்ட் எடுத்து ஃபைலில் கோர்ப்பேன். பாராட்டியிருந்தால் ஓரத்தில் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு. திட்டியிருந்தால் சிவப்பு. இரண்டும் இல்லாவிட்டால் மஞ்சள். முதலாளி ஒரு வரியும் படிக்க மாட்டார். "இன்னைக்கு எத்தனை சிவப்பு?" என்பார், அவ்வளவுதான்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நானும் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

சேர்ந்த சில மாதங்களில் கப்பல்காரன் வந்து சேர்ந்தான். வெளிநாட்டில் இருக்கிற ஒரு தமிழ்ப் பெண் நடத்திய சமையல் வலைப்பூவில், மீன் குழம்புப் பதிவு ஒன்றின் கீழே கமெண்ட் போட்டிருந்தான். வைத்துக்கொண்ட பெயரே கப்பல்காரன்தான். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டியிருந்தான். எங்கள் மசாலாவில் உப்பு ஜாஸ்தி, மல்லியைக் கருக விட்டுவிட்டார்கள், இதைப் போட்டு வைத்த குழம்பை மீனே மன்னிக்காது என்று ஒரு கிழி. கடைசியில் இப்படி ஒரு வரி: "ஆனா பாக்கெட் மடிப்பு மட்டும் சூப்பர். ஏன்னா மடிச்சது எங்க அம்மா. ஒரு பாக்கெட்டைப் பார்த்தா எங்க அம்மா மடிச்சதா இல்லையான்னு நான் சொல்லிடுவேன்."

படித்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. சின்னப் பாக்கெட்டுகளை அப்போது கையால்தான் மடித்து ஸ்டேப்ளர் பின் அடிப்பார்கள். எல்லோரும் பாக்கெட் வாயை ஒரு மடிப்பு மடித்து விடுவார்கள். ஒரே ஒரு அக்கா மட்டும் முதலில் இரண்டு ஓரங்களையும் உள்ளே சாய்த்து, அப்புறம் இரண்டு மடிப்பு மடித்து, கட்டை விரல் நகத்தால் ஒரு இழுப்பு இழுப்பார். பொடி ஒரு துளி சிந்தாது. அவர் ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தாலும் பேக்கிங்கில் எல்லோருக்கும் அக்கா. புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், எப்போதோ போய்விட்டார். ஒரே மகன் சரக்குக் கப்பலில் சமையல்கட்டு உதவியாள்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பிரின்ட்டை எடுத்துக்கொண்டு போய் அவருக்குப் படித்துக் காட்டினேன். தமிழ் படிப்பார், இங்கிலீஷ் எழுத்து தெரியாது. மீன் மன்னிக்காது என்ற இடத்தில் சோற்றுக் கையோடு சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது.

"கய்தே! வூட்ல நான் அரைச்சுப் போட்டதையே உப்பு, காரம்னு நூறு நொட்டை சொல்லுவான். கடைல விக்கிறத உட்ருவானா?"

"நீயே பேக் பண்றத நீ வூட்ல யூஸ் பண்றதில்லயா அக்கா?"

"ச்சீ. இத்தயா? எம்புள்ள துப்பிடுவான்மே. கப்பல்ல அம்மியா கீது, அதனால குடுத்து அனுப்புறேன்." பிறகு பிரின்ட்டைத் திருப்பிப் பார்த்து, "இன்னா கலர் போட்டுகீற?" என்று கேட்டார்.

"செவப்பு."

"சோக்கா கீது," என்றார்.

அதன்பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்று என்று கப்பல்காரன் எழுதிக்கொண்டிருந்தான். கப்பல் கரை சேர்கிற ஊர்களில் மாலுமிகளுக்கான கிளப் இருக்குமாம், அங்கே கம்ப்யூட்டர் இருக்குமாம். எல்லாம் சிவப்பு. "யாரும்மா இந்தக் கப்பல்காரன்? நம்ம போட்டிக் கம்பெனி ஆளா இருக்கும், கண்டுபிடி" என்று முதலாளி இரண்டு முறை சொன்னார். தேடுகிறேன் சார் என்று இரண்டு முறையும் சொன்னேன். அக்காவும் நானும் மரத்தடியில் உட்கார்ந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அந்த வேலையில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் அந்தச் சிவப்புத்தான்.

அடுத்த வருடம் ஜூன் மாதம் ஒரு கடிதம் வந்தது. அவனைக் கப்பலுக்கு அனுப்பிய ஏஜென்சியிலிருந்து, இங்கிலீஷில். அக்கா அதைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்து என்னிடம்தான் நீட்டினார். ஆப்பிரிக்கா பக்கம் போய்க்கொண்டிருந்த கப்பலில் ஒரு காலையில் அவனைக் காணவில்லை. இரண்டு நாள் தேடினார்கள். தேடுவதை நிறுத்திவிட்டார்கள். இதை நான் எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் கேட்டது நினைவிருக்கிறது.

"செத்துட்டான்னு போட்டுகீதா?"

"இல்லக்கா. காணோம்னு போட்டுகீது."

"அப்ப சரி," என்று சொல்லிக் கடிதத்தை வாங்கி, ஓரங்களை உள்ளே சாய்த்து, இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மணி அடித்ததும் எழுந்து வேலைக்குப் போனார்.

நான்கு மாதம் அப்படியே போயிற்று. அக்கா அழவும் இல்லை, பேசவும் இல்லை. நானும் கப்பல்காரன் பேச்சை எடுக்கவில்லை. அக்டோபர் வந்தது. அக்காவுடையது போன்ற ராயபுரத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். கல்லறையைக் கழுவி, பூப் போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அதற்கு முன்பாகவே மாதா கோயிலில் ஒரு சீட்டு கொடுப்பார்கள். செத்துப் போனவர்களின் பெயரை அதில் எழுதிக் கொடுத்தால் பூசையில் சாமியார் வாசிப்பார். மகன் பெயரைக் கொடுத்துவிடு, அவன் ஆத்துமா எத்தனை நாள் தவிக்கும் என்று அக்காவின் தங்கை தினமும் நச்சரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை அக்கா என்னிடம் சீட்டைக் காட்டினார். புருஷன் பெயர், அதற்குக் கீழே மகன் பெயர். "நாளிக்கு சாய்ங்காலம் குடுக்கப் போறேன்மே. குடுத்துட்டா அப்பால வாங்க முடியாதில்ல?" என்றார்.

மறுநாள் காலை அலர்ட் மெயிலில் கப்பல்காரன் இருந்தான்.

மேலே அன்றைய தேதி. அதன் கீழே அதே சமையல் வலைப்பூவின் தலைப்பும், அதை நடத்துகிற பெண்ணை அக்கா என்று கூப்பிட்டு மூன்று வரியும்: "அக்கா, நான் கப்பல்காரன். இந்தத் தடவை எங்க அம்மா எட்டு பாக்கெட் குடுத்தாங்க, ஆறு தீந்து போச்சு. உப்பு இன்னும் ஜாஸ்திதான், கம்பெனிக்காரன் திருந்த மாட்டான்..." அதற்கு மேல் புள்ளிகள். பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். எங்கள் ஆபீஸ் நெட்டில் ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. மெயிலையே பிரின்ட் எடுத்துக்கொண்டு பேக்கிங்குக்கு ஓடினேன். செருப்பு போடவில்லை என்பது பாதி வழியில்தான் தெரிந்தது.

படித்துக் காட்டினேன். அக்கா அழவில்லை. "இதுல அவன் பேரு எங்க கீது?" என்று கேட்டார். காட்டினேன். கட்டை விரலை அந்த இடத்தில் வைத்து அழுத்தினார். எடுத்தபோது மசாலா ரேகை ஒன்று தாளில் பதிந்திருந்தது. பிறகு ரவிக்கைக்குள்ளிருந்து கோயில் சீட்டை எடுத்துச் சுக்கல் சுக்கலாகக் கிழித்தார்.

பேக்கிங்கில் இருந்த பதினாறு பெண்களும் கூவினார்கள். யாரோ என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார்கள். அன்று நான் எவ்வளவு பெருமையாக இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஒரு வாரம் கழித்து, வேறு ஏதாவது எழுதியிருக்கிறானா பார்ப்போம் என்று பக்கத்தைத் திறந்தேன். மேலே வலைப்பூ நடத்துகிற அம்மாள் ஒரு அறிவிப்பு போட்டிருந்தார்: வலைப்பூவைப் புது முகவரிக்கு மாற்றியிருக்கிறேன், பழைய பதிவுகள், கமெண்டுகள் எல்லாம் இங்கேயே இருக்கின்றன. கப்பல்காரனின் கமெண்டுக்குக் கீழே, பொடி எழுத்தில், அவன் எழுதிய தேதி இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. நான் வேலைக்குச் சேர்வதற்கும் முன்னால் எழுதியது. அலர்ட்டுக்கு அதெல்லாம் தெரியாது. புது முகவரியில் அதை முதல்முறை பார்த்த நாளை மேலே போட்டு எனக்கு அனுப்பிவிட்டது.

காது அடைத்துவிட்டது. மிளகாய் அரைக்கிற மிஷின் ஓடுவது வாயைத் திறந்துகொண்டு ஓசையில்லாமல் கத்துவது போல இருந்தது.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். போனேன். அக்கா லீவு போட்டுவிட்டு ஏஜென்சிக்குப் போயிருந்தார், எம்புள்ள உயிரோடு இருக்கிறான் என்று சண்டை போட. அடுத்த நாள் போனேன். கொத்தமல்லி வாங்கிக் காய வைத்திருக்கிறேன், அவன் வந்ததும் அரைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் என்னைப் பார்த்ததும் சிரித்தார். நான்கு மாதத்தில் முதல் சிரிப்பு. எனக்கு வாய் வரவில்லை. கோழைத்தனம் என்றால் கோழைத்தனம்தான்.

"வேற இன்னா எயுதிகீறான்?" என்று தினம் கேட்பார்.

"இன்னும் வரலக்கா."

"வந்தா உடனே சொல்லு, இன்னா?"

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மழைக்கு நடுவே கடல் சத்தம் ஆபீஸ் வரைக்கும் கேட்டது. ஒவ்வொரு காலையும் மெயிலைத் திறக்கும்போது அவன் அதற்குள் எங்கோ உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது போல் ஒரு நினைப்பு. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் தேரடிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அரை மணி நேரம் வாங்கிக்கொண்டேன். வேண்டாம், எழுந்து போய்விடு என்று எனக்கே சொல்லிக்கொண்டுதான் தட்டினேன்.

"அக்கா, கப்பல்காரன்தான். ரொம்ப நாள் ஆச்சு. நல்லா இருக்கேன். இங்க நல்ல மீன் கிடைச்சுது, அம்மா குடுத்த மசாலா போட்டுக் கொழம்பு வெச்சோம். அப்படியே வீட்டு ருசி. சூப்பரா இருந்துச்சு."

அலர்ட்டில் சிக்க வேண்டுமே என்று மசாலாவுக்கு முன்னால் கம்பெனி பெயரையும் சேர்த்திருந்தேன். திங்கட்கிழமை காலை அலர்ட் வந்தது. கப்பல்காரன் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு கணம், சத்தியமாகச் சொல்கிறேன், நானே நம்பினேன். வந்துவிட்டான் என்று வாய்விட்டுச் சொன்னேன். அடுத்த கணம் எழுதியது நான்தான் என்பது ஞாபகம் வந்தது. கமெண்டுக்குக் கீழே அந்த வலைப்பூ அம்மாள் பதில் போட்டிருந்தார்: வாங்க கப்பல்காரரே, இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீங்க?

அந்தக் கமெண்டை என்னால் பிறகு அழிக்க முடியவில்லை. அதை எத்தனையோ தளங்கள் காப்பி அடித்துவிட்டன. வருடத்துக்கு ஒருமுறை எதன் மூலமாவது என்னிடமே திரும்பி வருகிறது, எப்போதும் அன்றைய தேதியோடு. நல்லா இருக்கேன் என்கிறது. முகம் கழுவிக்கொண்டு வந்து திறப்பது அதற்காகத்தான்.

மத்தியானம் ஃபைலோடு மரத்தடிக்குப் போனேன். மழை விட்டிருந்தது. கல்லில் துண்டை விரித்து அக்கா உட்கார்ந்திருந்தார். படித்தேன். அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"இன்னொரு தபா படி."

படித்தேன். அவர் கையைக் கழுவினார். முந்தானையில் துடைத்துக்கொண்டு ஃபைலை வாங்கிப் பார்த்தார். இங்கிலீஷ் எழுத்து என்பதால் வரிகளைப் பார்க்கவில்லை. ஓரத்தைத்தான் பார்த்தார்.

"இன்னாமே, பச்ச போட்டுகீற?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வழக்கம் போல, பாராட்டு என்பதால், கை தானாகப் பச்சைக் கோடு இழுத்திருந்தது. கோடு மட்டுமா? எழுதியதே அப்படித்தான். ஒரு வருடமாகக் கம்பெனிச் சோறு தின்ற புத்தி, கப்பல்காரன் வாயால் மசாலாவைப் பாராட்ட வைத்துவிட்டது.

"எம்புள்ளைக்குப் பச்சயா?" என்றார் அக்கா. குரலில் கோபமே இல்லை. "அவன் பொறந்ததிலேர்ந்து ஒரு கொழம்ப நல்லா கீதுன்னு சொன்னதில்லமே. இது அவன் எயுதல. நீதான எயுதுன?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அவன் உசுரோட இருந்தா நீ இன்னாத்துக்கு எயுதப் போற?"

நான் அழுதேன். வலைப்பூ மாறியது, பழைய தேதி, எல்லாவற்றையும் கொட்டினேன். காலில் விழப் போனேன். அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவர் திட்டவில்லை. சாப்பாட்டுப் பையைத் துழாவி ஒரு சீட்டை எடுத்தார். கோயில் சீட்டு, எழுதாதது.

"பழச கிய்ச்சுட்டேன்னு சொன்னதுக்கு சாமியார் இன்னொண்ணு குடுத்தாரு, கைல இருக்கட்டும்னு." அதை என் மடியில் வைத்தார். "நீதான் சோக்கா எயுதுறியே. எயுது."

ஃபைலில் செருகியிருந்த பேனாக்களில் பச்சைதான் முதலில் கையில் வந்தது. அக்கா அதைப் பிடுங்கி வைத்துவிட்டுச் சிவப்பை எடுத்துக் கொடுத்தார். புருஷன் பெயரைச் சொன்னார், எழுதினேன். பிறகு மகன் பெயரைச் சொன்னார். ஒவ்வொரு எழுத்தாக, தமிழில், அவர் படிக்கிற மாதிரி எழுதினேன். எழுதி முடித்ததும் சீட்டை வாங்கி உதடு அசையப் படித்தார். மை காயும்வரை ஊதினார். இரண்டு ஓரங்களையும் உள்ளே சாய்த்தார். ஒரு மடிப்பு, அப்புறம் இன்னொரு மடிப்பு. கட்டை விரல் நகத்தால் ஒரு இழுப்பு இழுத்தார்.